மண்டப மேனேஜர்களுக்கு ஒரு புகைக்காரன் எழுதும் மடல்

பெங்களூரில் கல்யாண மண்டபமும் பார்ட்டி ஹாலும் பார்த்துக்கொள்ளும் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம்.

உங்களில் பலருக்கு என் முகம் தெரியும், பேர் தெரியாது. "லைட்டுக்காரரே", "புகைக்காரரே" என்றுதான் கூப்பிடுவீர்கள். மர்ஃபி டவுனில் ஒரு சின்ன குடோன், ஒரு டாடா ஏஸ், வேலைக்கு இரண்டு பையன்கள், விசேஷ மேடையில் அலங்காரப் புகை விட ஒன்பது மெஷின். 22 வருஷமாக இதுதான் பிழைப்பு. அல்சூர், லிங்கராஜபுரம், ஸ்ரீராமபுரம், அந்தப் பக்கம் ஒயிட்ஃபீல்டு வரை நான் சரக்கு இறக்காத மண்டபம் குறைவு. உங்கள் பந்தியில் சாப்பிட்ட சாப்பாட்டுக்குக் கணக்கே இல்லை. இன்றைக்குக் கொஞ்சம் குறை சொல்லப் போகிறேன். அதில் பாதிக் குறை என்னுடையது.

போன தை மாதம் ஒரு ரிசப்ஷன். எந்த மண்டபம் என்று சொல்லப் போவதில்லை, சம்பந்தப்பட்டவருக்குத் தெரியும். பெண்ணும் மாப்பிள்ளையும் மேடையேறி, என் மெஷின்களை நிறுத்திப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். மேடையின் இடது பக்கத் திரைக்குப் பின்னாலிருந்து மறுபடியும் புகை எழுந்தது. கீழே உட்கார்ந்திருந்தவர்கள் கை தட்டினார்கள். ஒரு பையன் விசிலடித்தான். போட்டோகிராஃபர், "அப்படியே நில்லுங்க சார், சூப்பரா இருக்கு" என்றார். எனக்கு மட்டும் மூக்கில் உறுத்தியது. என் புகைக்கு லேசான தித்திப்பு வாசனை உண்டு. இது ஒயர் கருகும் நாற்றம்.

ஓடிப்போய்த் திரையை விலக்கினால், டெக்கரேஷன்காரர் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சீரியல் லைட், பெடஸ்டல் ஃபேன், செயற்கை நீரூற்றின் மோட்டார் என்று எல்லாவற்றையும் சொருகி, அது கண்ணுக்குத் தெரியக்கூடாது என்று மேலே பிளாஸ்டிக் புல்லை விரித்து வைத்திருந்தார். புல் உருகி நூல்நூலாக ஒழுகிக்கொண்டிருந்தது. மெயினை அணைத்து, பாக்ஸை இழுத்து வெளியே போட்டோம். இரண்டு நிமிஷ வேலை. என் இரண்டு விரல் கொப்பளித்ததோடு போயிற்று.

அப்புறம்தான் மேலே பார்த்தேன். சீலிங்கில், சரியாக அந்த இடத்துக்கு மேலேயே, ஸ்மோக் டிடெக்டர் இருந்தது. ஆனால் சத்தமே இல்லை. அதன் தலையில் ஒரு பாலித்தீன் பையைக் கவிழ்த்து ரப்பர் பேண்ட் போட்டிருந்தார்கள். பையின் மேல் தூசி படிந்து பழுப்பேறியிருந்தது. அன்றைக்குப் போட்ட பை இல்லை அது. மூன்று மாதம் முன்னால், தீபாவளி சமயத்தில், அதே ஹாலில் நான் ஒரு நிகழ்ச்சிக்குப் புகை போட்டிருக்கிறேன். பை மாட்டியது உங்கள் ஆள். என் புகைக்கு அலாரம் அடிக்கக் கூடாது என்று மாட்டச் சொன்னது நான். கழற்றச் சொல்ல யாரும் இல்லை.

அந்த மூன்று மாதத்தில் அங்கே எத்தனை கல்யாணம் நடந்திருக்கும் என்று நான் எண்ணிப் பார்க்க விரும்பவில்லை.

டிடெக்டர் ஏன் என் புகைக்குக் கத்துகிறது என்பது பல மேனேஜர்களுக்கே தெரியாது. "உங்க ஸ்மோக் ஒரிஜினல் இல்லையே, அப்புறம் ஏன் அடிக்குது?" என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். இப்போது மண்டபங்களில் இருப்பது பெரும்பாலும் ஒளியை வைத்துப் புகையைக் கண்டுபிடிக்கும் வகை. உள்ளே தீப்பெட்டி அளவில் ஓர் இருட்டறை. அதில் ஒரு குட்டி எல்.இ.டி. ஒளி விட்டுக்கொண்டே இருக்கும். அந்த ஒளி சென்சாரின் மேல் நேராகப் படாதபடி கோணம் வைத்திருப்பார்கள். உள்ளே ஏதாவது துகள் நுழைந்தால் ஒளி அதில் மோதிச் சிதறும். சிதறிய ஒளி சென்சாரில் பட்டதும் மணி அடிக்கும். நுழைந்தது தீயின் கரியா, என் மெஷினின் துளியா, கிரகப்பிரவேச ஹோமத்தின் நெய்ப்புகையா என்று அதற்குத் தெரியாது. அப்பார்ட்மெண்டில் வீடு குடிபோனவர்களைக் கேளுங்கள், கணபதி ஹோமம் பாதியில் இருக்கும்போது செக்யூரிட்டி ஓடிவந்த கதையை வைத்திருப்பார்கள். கம்ப்யூட்டர் சாம்பிராணிக்கே அலாரம் அடித்த வீடு ஒன்று எனக்குத் தெரியும். (அதற்கு ஏன் கம்ப்யூட்டர் என்று பேர் வந்ததோ!) சமையலறையில் மட்டும் வேறு வகை வைப்பார்கள், சூட்டைப் பார்ப்பது. 57 டிகிரி போல ஏறினால்தான் அது வாய் திறக்கும். தாளிப்புப் புகையை அது கண்டுகொள்ளாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் எல்லாவற்றையும் "ஸ்மோக்" என்ற ஒரே வார்த்தையில் புக்கிங் நோட்டில் எழுதிவிடுகிறீர்கள். "ஸ்டேஜ், பூ, ஸ்மோக், கேக் டேபிள்." அந்த ஒரு வார்த்தைக்குள் குறைந்தது நாலு வேறு சரக்கு இருக்கிறது. ஒன்றோடு ஒன்று சம்பந்தமே இல்லாதவை. ஒன்றுக்குச் செய்ய வேண்டியதை இன்னொன்றுக்குச் செய்தால் ஆபத்து.

நான் அதிகம் போடுவது சாதாரண ஃபாக் மெஷின். அதில் எதுவும் எரிவதில்லை. உள்ளே ஓர் உலோகக் கட்டி, அதற்குள் சுருளாக மெல்லிய குழாய். ஹீட்டர் அந்தக் கட்டியைச் சூடாக்கும். ஆன் செய்தவுடன் புகை வராமல் ஐந்து நிமிஷம் காத்திருக்கச் சொல்கிறேனே, அது அந்தக் கட்டி சூடேறத்தான். பட்டனை அமுக்கினால் பம்பு லிக்விடைக் குழாய்க்குள் தள்ளும். ஆவியாகி வாயிலிருந்து பீறிட்டு வந்து, வெளிக்காற்றின் குளிர்ச்சி பட்டதும் கோடிக்கணக்கான துளிகளாக மாறும். மார்கழிக் காலையில் அல்சூர் ஏரிக்கரையில் நடந்தால் வாயிலிருந்து வருகிறதே, அதே சங்கதி. லிக்விடில் இருப்பது தண்ணீர், அதோடு ப்ரோப்பிலீன் கிளைக்கால், ட்ரை எத்திலீன் கிளைக்கால், கிளிசரின் மாதிரி ஒன்றிரண்டு.

ஏரோ இந்தியா சமயத்தில் எலஹங்காவில் சூர்யகிரண் விமானங்கள் வானத்தில் கோடு போடுவதைக் கழுத்து வலிக்கப் பார்த்திருப்பீர்கள். அதுவும் கிட்டத்தட்ட இதே வித்தைதான். எஞ்சினின் சூடான வெளியேற்றக் காற்றில் டீசலைப் பீய்ச்சுகிறார்கள், அது ஆவியாகி வெளியே குளிர்ந்து வெள்ளைக் கோடாகிறது, சாயம் கலந்தால் காவியும் பச்சையும். தெருவில் கொசுப்புகை அடிக்க வருகிறவரின் தோளில் டப டப என்று கத்துவதும் அதன் ஒன்றுவிட்ட தம்பி. மருந்தை டீசலில் கலந்து சூட்டில் ஆவியாக்குவது. ஆகவே மெஷினின் தத்துவம் ஒன்றுதான். உள்ளே என்ன ஊற்றுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நீங்கள் யாரும் என் கேனைத் திறந்து பார்த்ததில்லை. 22 வருஷத்தில் ஒரே ஒரு மேனேஜர் அக்காதான், "இதுல என்ன இருக்கு, லேபிள் காட்டுங்க" என்று கேட்டார். அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது. இப்போது வெட்கமாக இருக்கிறது.

ஏனென்றால் கேனில் வித்தை நடக்கிறது. லேபிள் இல்லாத ஐந்து லிட்டர் கேன் பாதி விலைக்குக் கிடைக்கும். அதில் என்ன, எவ்வளவு, யார் கலந்தது, ஒன்றும் தெரியாது. சிலர் லிக்விடை நீட்டிக்க போர்வெல் தண்ணீர் சேர்ப்பார்கள். நம்ம ஊர் போர்வெல் தண்ணீர் எப்படியென்று உங்கள் கீசரைக் கேளுங்கள். குழாய்க்குள் உப்புப் படிந்து அடைத்துக்கொள்ளும். அடைத்த மெஷின் புகையைத் துப்பாமல் சூடான துளியைத் துப்பும். முதல் வரிசையில் இருப்பவரின் பட்டுப்புடவையில் அது விழுந்தால் பேச்சு நாலு தலைமுறைக்குப் போகும். சில மெஷினில் தெர்மோஸ்டாட் செத்திருக்கும். அளவுக்கு மீறிச் சூடானால் கிளிசரின் உடைந்து அக்ரோலின் என்ற வாயுவாகும். வடைச்சட்டியில் எண்ணெய் காந்தும்போது கண் எரிகிறதே, அந்த எரிச்சலுக்குக் காரணமானவர்தான் அவர். அதை மறைக்க வாசனை எசன்ஸ் ஊற்றுகிறார்கள். மல்லிகை வாசத்தோடு புகை வந்தால் தயவுசெய்து சந்தேகப்படுங்கள்.

நல்ல லிக்விட் ஒன்றும் செய்யாது என்றும் சொல்ல மாட்டேன். 2000-ஆம் ஆண்டில் நியூயார்க் பிராட்வே நாடக மேடைகளில் நடிகர்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு வெளிவந்தது. மெஷினுக்குப் பக்கத்தில் நின்று அடர்த்தியான புகையை வாங்கியவர்களுக்குத் தொண்டை, மூக்கு எரிச்சல் கூடுதலாக இருந்தது என்று கண்டார்கள். கிளைக்கால் புகை எந்த நேரத்திலும் ஒரு கன மீட்டர் காற்றில் 40 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்று அங்கே வரம்பு கட்டினார்கள். நம்மிடம் அளக்கக் கருவி கிடையாது. ஆனால் மெஷினின் வாய்க்கு நேரே நாற்காலி போடாமல் இருக்கக் கருவி வேண்டியதில்லை. ஆஸ்துமாக்காரர் யாராவது உண்டா என்று பெண் வீட்டில் ஒரு வார்த்தை கேட்கலாம். ஹாலின் கடைசி வரை மறைகிற அளவுக்கு அடிக்கச் சொல்லும் ஈவெண்ட்காரப் பையனிடம் "போதும்" என்று சொல்ல என்னைவிட உங்களுக்கு அதிகாரம் அதிகம்.

இனி ட்ரை ஐஸ். இதைப் பற்றித்தான் நான் நிறையச் சொல்ல வேண்டும்.

"பொண்ணு மாப்பிள்ளை மேகத்துல நடந்து வர்ற மாதிரி வேணும்" என்று கேட்கிறார்களே, அது இது. உறைந்த கார்பன் டை ஆக்ஸைடு. மைனஸ் 78 டிகிரி குளிர். சுடுதண்ணீரில் போட்டால் பொங்கி, தரையோடு தரையாக வெள்ளையாகத் தவழும். அப்பா காலத்து நாடகங்களில் தேவலோகம் காட்ட, சைடு விங்கில் ஒருவர் தூபக்காலில் தணலைப் போட்டு, சாம்பிராணியை அள்ளிப் போட்டு, முறத்தால் விசிறுவார். இந்திரன் இருமிக்கொண்டே வசனம் பேசுவார். ட்ரை ஐஸ் வந்த பிறகு இந்திரன் இருமுவதில்லை. பார்க்க அவ்வளவு அழகு. அழகாக இருப்பதால்தான் யாரும் கேள்வி கேட்பதில்லை.

நாலு வருஷம் முன்னால் ஒரு பேஸ்மெண்ட் ஹால். முப்பதுக்கு இருபத்தைந்து அடி இருக்கும், தாழ்ந்த சீலிங், சன்னல் கிடையாது. ஈவெண்ட்காரர் 15 கிலோ ட்ரை ஐஸ் கேட்டார், கொண்டுவந்தேன். மேகம் வெளியே ஓடிவிடக் கூடாது என்று அங்கிருந்த மேனேஜர் இரண்டு கதவையும் சாத்தச் சொன்னார். ஜோடி உள்ளே வரும் வழியின் ஓரத்தில், தரையில் ஜமுக்காளம் விரித்து மேளக் குழுவை உட்காரவைத்திருந்தார்கள். மேடை முழுக்கப் பூ, அதனால் அவர்களுக்கு இடம் தரையில். மேகம் அவர்கள் மடிவரை ஏறியது. நாயனக்காரருக்கு அறுபது வயதுக்கு மேல். ஜோடி பாதி தூரம் வந்திருக்கும், நாயனம் நின்றுவிட்டது. தவில் மட்டும் இரண்டு அடி அடித்து அதுவும் நின்றது.

நல்ல காரியத்தில் மேளம் நின்றால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? பெண்ணின் சித்தப்பா பாய்ந்து வந்தார். "காசு வாங்கல? ஊதுய்யா!" நாயனக்காரர் நாயனத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கையைத் தரையில் ஊன்றி, என்னைப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, இழுக்க இழுக்க மூச்சு உள்ள போக மாட்டேங்குது." முகம் வேர்த்துக் கொட்டியது. மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை, நின்றுகொண்டிருந்தார்கள். அவர் உட்கார்ந்திருந்தார், அதுவும் வயிறு முட்ட மூச்சை இழுத்தால்தான் அவர் தொழில் நடக்கும். அந்த நேரத்தில் ஒரு பாட்டி, "குழந்தை எங்கடி?" என்று கத்தினார். ஒன்றரை வயதுப் பிள்ளை மேகத்துக்குள் உட்கார்ந்து கையால் அதைத் தட்டி விளையாடிக்கொண்டிருந்தது. தலை மட்டும்தான் வெளியே தெரிந்தது. தூக்கினார்கள். அழுதது. அந்த அழுகை கேட்டபோது எனக்கு வந்த நிம்மதி இருக்கிறதே!

கதவைத் திறந்தோம், ஃபேன் வைத்தோம், பெரியவரைப் படியேற்றி வெளியே உட்காரவைத்தோம். அரைமணி நேரத்தில் சரியானார். அன்றைக்கு அவருடைய கூலியில் ஐந்நூறு ரூபாய் பிடித்துக்கொண்டார்கள். என் கூலியில் யாரும் பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து மகளிடம் கேட்டேன், அவள் பி.யூ.சி. சயின்ஸ். காகிதத்தில் போட்டுக் காட்டினாள். ஒரு கிலோ ட்ரை ஐஸ் ஆவியானால் சுமார் 540 லிட்டர் வாயு. 15 கிலோ முழுக்க ஆவியானால் எட்டாயிரம் லிட்டர், அதாவது எட்டு கன மீட்டர். காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், அதனால் கீழேயே தங்கும். அந்த ஹால் தரை முழுக்கப் பரப்பினால் அரைச் சாண் உயரத்துக்குச் சுத்த கார்பன் டை ஆக்ஸைடு. காற்றோடு கலந்து இடுப்பளவு ஏறினாலும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அதுதான். சாதாரணக் காற்றில் இருப்பது 0.04 சதவீதம். 4 சதவீதம் வந்தாலே உயிருக்கு ஆபத்தான அளவு என்று வைத்திருக்கிறார்கள். அன்றைக்குப் பெட்டியில் பாதி ஐஸ் மிச்சமிருந்ததும், யாரோ டீ கொண்டுவரக் கதவைத் திறந்ததும்தான் எங்களைக் காப்பாற்றியிருக்க வேண்டும். வெள்ளை மேகம் கலைந்துவிட்டால் வாயுவும் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மகள் சிரித்தாள். வெள்ளையாகத் தெரிவது தண்ணீர்த் துளிதானாம். வாயுவுக்கு நிறமே கிடையாது.

இதில் இன்னொரு விபரீதம். தீ விபத்துக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன சொல்லிக் கொடுக்கிறார்கள்? புகை மேலே போகும், நல்ல காற்று தரையோரம் இருக்கும், தவழ்ந்து வெளியே வா. ட்ரை ஐஸுக்கு அது தலைகீழ். தவழ்ந்தால் போச்சு.

அதன் பிறகு பேஸ்மெண்ட்டிலும் சன்னல் இல்லாத ஹாலிலும் ட்ரை ஐஸ் போடுவதை விட்டுவிட்டேன். தண்ணீரை அதிர்வால் துளியாக்கி, லிக்விடோடு கலந்து தரையில் தவழவிடும் லோ ஃபாக் மெஷின் இப்போது எஸ்.பி. ரோட்டிலேயே கிடைக்கிறது. மேகம் கொஞ்சம் மெலிசாக இருக்கும், தரை வழுக்கும், துடைக்க ஆள் வேண்டும். ஆனாலும் நாயனக்காரர் ஊதுவார்.

ட்ரை ஐஸ் மிச்சமானதை உங்கள் சமையல்காரரிடம் கொடுக்காதீர்கள். ஜூஸில் போட்டுப் புகை விட்டுக் காட்டுவதற்கு ஆசைப்படுவார். 2024 மார்ச்சில் டெல்லிக்குப் பக்கத்துக் குருகிராமில், சாப்பிட்டு முடித்தவர்களுக்கு வாய்மணக்க என்று ஓர் உணவகத்தில் கொடுத்ததை வாயில் போட்டு ஐந்து பேர் ரத்தமாக வாந்தியெடுத்தார்கள். கொடுத்தது ட்ரை ஐஸ். அதே வருஷம் நம்ம பெங்களூரிலேயே ஒரு கல்யாண ரிசப்ஷனில் ஸ்மோக் பான் சாப்பிட்ட 12 வயதுப் பெண்ணுக்கு வயிற்றில் ஓட்டை விழுந்து ஆபரேஷன் செய்தார்கள். அது திரவ நைட்ரஜன், மைனஸ் 196 டிகிரி. ஆவியானால் எழுநூறு மடங்கு போல விரியும். வயிற்றுக்குள் அது விரிந்தால் எங்கே போகும்? உணவோடு அதைக் கொடுக்கக் கூடாது என்று கர்நாடகத்தில் தடையும் வந்துவிட்டது. இன்னமும் ஒன்றிரண்டு பான் ஸ்டாலில் ஃப்ளாஸ்க்கைப் பார்க்கிறேன். அந்த ஸ்டாலுக்கு இடம் கொடுப்பது நீங்கள்தான்.

கலர் ஸ்மோக் டப்பாவைப் பற்றி நீட்ட மாட்டேன். அது வெடிமருந்துச் சாதி. பொட்டாசியம் குளோரேட், சர்க்கரை, சாயம். உள்ளே நிஜமாகவே எரிகிறது, டப்பா கையைச் சுடும், சாயத்தூள் நுரையீரலுக்குள் போகும். நந்தி மலையடிவாரத்தில் திறந்த வெளியில் போட்டோ எடுக்கட்டும். மண்டபத்துக்குள் கொண்டுவந்தால் வாசலிலேயே பிடுங்கி வைத்துக்கொள்ளுங்கள். போட்டோகிராஃபர் முறைத்தால் முறைக்கட்டும்.

புகை மெஷின் என்றாலே கெட்ட சாமான் என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்காக ஒன்று சொல்கிறேன். இதே ஃபாக் மெஷினை வைத்துத்தான் தீயணைப்பு வீரர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். அறையை வெள்ளையாக்கிவிட்டு, ஒரு கையால் சுவரைத் தடவியபடி ஆளைத் தேடி வரச் சொல்வது. நானும் ஒரு கம்பெனியின் தீ ஒத்திகைக்கு மெஷின் கொண்டுபோனேன். மாடிப்படியில் புகை விட்டு, ஊழியர்களை இறங்கச் சொன்னார்கள். தினமும் அந்தப் படியில் ஏறி இறங்குபவர்கள், நாலாவது படியிலேயே கைப்பிடி எந்தப் பக்கம் என்று தெரியாமல் நின்றுவிட்டார்கள். ஒரு பெண் அழவே ஆரம்பித்துவிட்டார். ஒன்றும் செய்யாத புகைக்கே அப்படி.

2010 பிப்ரவரி 23 உங்களுக்கு நினைவிருக்கும். பழைய ஏர்போர்ட் ரோட்டில் கார்ல்டன் டவர்ஸ் கட்டடத்தில் தீ. 9 பேர் போனார்கள். தீயைவிடப் புகைதான் அங்கே எமனாக வந்தது. மூச்சுவிட முடியாமல் சன்னலை உடைத்துக் குதித்தவர்களை டி.வி.யில் பார்த்தோம். அதற்கும் முன்னால், 1981 பிப்ரவரியில், இதே ஊரில் வீனஸ் சர்க்கஸ் கூடாரம் எரிந்து 92 பேர், பெரும்பாலும் குழந்தைகள். சர்க்கஸ் பார்க்கப் போன பிள்ளைகள். கூட்டமும் கொண்டாட்டமும் இருக்கிற இடம் என்பதால் இதைச் சொல்கிறேன், உங்கள் மண்டபம் அப்படிப்பட்ட இடம்தானே.

என் அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி. 2001-இல் சுரங்கத்தை மூடும்வரை கீழே இறங்கினார். ஓய்வு நாளில் நாடகங்களுக்கு லைட் பிடிப்பார், நான் சொன்னேனே, முறத்தால் சாம்பிராணி விசிறியவர், அது அவர்தான். பாறைக்கு வெடி வைத்த பிறகு உடனே உள்ளே போக மாட்டார்களாம். புகை அடங்க நேரம் விட்டு, மேஸ்திரி போய்ப் பார்த்து வந்து சரி என்ற பிறகுதான் மற்றவர்கள் நுழைவார்கள். "எவன் போய்ப் பார்த்தான்னு பேர் தெரிஞ்சாத்தான் நான் கால வைப்பேன்" என்பார். நான் இந்தத் தொழிலுக்கு வந்தபோது அப்பா கேட்ட ஒரே கேள்வி, "அங்க போய்ப் பாக்குறவன் யாரு?" அப்போது பதில் சொல்லாமல் சிரித்துவிட்டேன்.

இப்போது உங்களிடம் கேட்கிறேன். மண்டபத்தில் போய்ப் பார்க்கிறவர் யார்? டெக்கரேட்டர் ஈவெண்ட்காரரைக் காட்டுகிறார், ஈவெண்ட்காரர் என்னைக் காட்டுகிறார், நான் உங்களைக் காட்டுகிறேன், நீங்கள் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுகிறீர்கள், அவர் சாப்பிடப் போயிருக்கிறார்.

பெரிய செலவு எதுவும் கேட்கவில்லை. புக்கிங் ஃபாரத்தில் "ஸ்மோக்" என்ற வார்த்தையை அடித்துவிட்டு, என்ன மெஷின், என்ன லிக்விட், எத்தனை மணிக்கு, யார் நிற்பார் என்று எழுத இடம் விடுங்கள். லேபிள் இல்லாத கேனோடு வந்தால் என்னையும் திருப்பி அனுப்புங்கள். டிடெக்டரை மூடித்தான் ஆகவேண்டும் என்றால் முதலில் ஃபயர் பேனலை, அதாவது டிடெக்டர்களை எல்லாம் கட்டுப்படுத்தும் பெட்டியை, பாருங்கள். பல மண்டபங்களில் அந்த ஹாலின் ஜோனை மட்டும் நிறுத்திவைக்க வழி இருக்கிறது, பை மாட்ட வேண்டியதே இல்லை. நிறுத்தின நேரம், நிறுத்தியவர் பேர், அந்த நேரம் முழுக்க ஹாலிலேயே நின்று கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பவர் பேர், மறுபடி போட்ட நேரம், எல்லாம் ஒரு நோட்டில். சாப்பாட்டுப் பந்திக்கு இலைக் கணக்கு எழுதுகிறீர்களே, அந்த நோட்டின் கடைசிப் பக்கம் போதும். அந்தப் பேர் உங்கள் மண்டபத்து ஆளுடையதாக இருக்கட்டும். நான் ராத்திரி பதினொன்றுக்கு வண்டியேற்றிப் போய்விடுவேன், நீங்கள்தான் இருப்பீர்கள்.

என் பங்குக்கு, தை மாதம் கை சுட்ட பிறகு, பாலித்தீன் பையை ஒழித்துவிட்டேன். பேனல் வசதியில்லாத மண்டபங்களுக்கென்று தூரத்திலேயே கண்ணில் படும் ஆரஞ்சு நிறத்தில் 12 உறை தைத்து வைத்திருக்கிறேன். ஒன்று முதல் பன்னிரண்டு வரை கறுப்பு மார்க்கரில் எண் போட்டிருக்கிறது. மாட்டும்போது எண்ணுவோம், வண்டி கிளம்பும் முன் எண்ணுவோம்.

அப்படித்தான் வைகாசி வரை நடந்தது. வைகாசி முகூர்த்தத்தில் ஒருநாள் பேய் மழை, கரண்ட் இல்லை, பையன்கள் அவசர அவசரமாகச் சாமானை ஏற்றினார்கள், எண்ணவில்லை. அடுத்த நாலு நாளும் வரிசையாக வேலை. ஐந்தாம் நாள் குடோனில் உட்கார்ந்து எண்ணினால் பதினொன்று. 7-ஆம் எண் இல்லை. நடுவில் ஆறு மண்டபத்துக்குப் போயிருக்கிறோம். நாலு இடத்தில் ஏணி போட்டுப் பார்த்துவிட்டேன், இல்லை. மிச்சம் இரண்டு பேருக்கு மூன்று முறை போன் செய்தேன். "ஃபங்ஷன் நடக்குது, அப்புறம் வாங்க" என்றார்கள்.

இந்த மடலைப் படிக்கிறவர்களில் அந்த இரண்டு பேரும் இருக்கலாம். ஏணிகூட வேண்டாம். ஹாலின் நடுவில் நின்று தலையை நிமிர்த்திப் பாருங்கள். ஆரஞ்சு நிறம், 7 என்று போட்டிருக்கும்.